என்ரை

மனோர் பார்க், லண்டன்
3.2.1985

அன்புள்ள தம்பி பத்மநாதனுக்கு,

இந்தக் கடிதத்தைச் செல்வமலர் ரீச்சர் யாழ்ப்பாணம் கொண்டுவந்து உன் கையில் தருவார். தபாலில் போட முடியாத விஷயம், அதனால் அவருடைய கைப்பையை நம்பினேன். வாசித்த கையோடு எரித்துவிடு.

வந்து சேர்ந்து ஐந்து கிழமை ஆகிறது. விமான நிலையத்தில் அதிகாரி கடவுச்சீட்டில் இருந்த உன் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறந்த திகதி கேட்டான். உன்னுடையதைச் சொன்னேன். கல்லூரி தந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன். முத்திரை குத்தி உள்ளே விட்டான். அந்த நிமிடத்திலிருந்து நான் நல்லையா பத்மநாதன், வயது இருபத்திரண்டு. ஏழு வயது குறைந்ததற்காகச் சந்தோஷப்படலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

அந்தக் கல்லூரி உனக்குக் கிடைத்தது. கடவுச்சீட்டு நீ கொழும்பில் வரிசையில் நின்று எடுத்தது. என் பேர் படையினரின் பட்டியலில் இருக்கிறது என்று தெரிந்த அன்று, "அண்ணை, நீங்கள் போங்கோ. நான் பிறகு வாறன்" என்று சொன்னவன் நீ. நான் வேண்டாம் என்று ஒரு தரம் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்லவில்லை. அது எனக்கு ஞாபகம் இருக்கிறது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இனித் தபாலில் எழுதும்போது நான் உன்னை அண்ணை என்று எழுதுவேன். உறையின்மேல் இராஜேந்திரன் என்று இருக்கும். அடியில் தம்பி பத்மநாதன் என்று கையெழுத்து வைப்பேன். நீயும் அப்படியே அண்ணன் இராஜேந்திரனாக எனக்குப் பதில் எழுது. யார் உடைத்துப் பார்த்தாலும் கணக்குச் சரியாக இருக்க வேண்டும். அடையாள அட்டைகளையும் மாற்றிக்கொண்டோம் அல்லவா, நீ உன்னுடையது தொலைந்துவிட்டது என்று கிராம விதானையாரிடம் சொல்லிப் புதிதாக ஒன்று எடு. என் அட்டையைக் கொண்டு வெளியே போகாதே.

எனக்கு இரண்டு வருடம் தா. அதற்குள் ஒரு வழி செய்து உன் பேரை உன்னிடம் தருவேன்.

உன் அண்ணன்
இராஜேந்திரன்

(இப்படிக் கையெழுத்து வைப்பது இதுதான் கடைசி.)


மனோர் பார்க், லண்டன்
20.7.1986

அன்புள்ள அண்ணைக்கு,

தம்பி பத்மநாதன் எழுதுவது. நான் சுகம். அங்கே நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று சேர்ச் ரோட்டு முருகனிடம் வெள்ளிக்கிழமை தவறாமல் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

ஒரு புதினம். ஃபாரஸ்ட் கேட்டில் பெற்றோல் ஷெட்டில் வேலை செய்கிறேன் என்று எழுதினேன் அல்லவா. பக்கத்தில் வான்ஸ்டெட் பிளாட்ஸ் என்று பெரிய புல்வெளி. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கொஞ்சம் அமெரிக்கர்களும் வெள்ளைக்காரர்களும் பேஸ்போல் விளையாடுவார்கள். கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி ஒரு விளையாட்டு. போன மாதம் நான் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவன் அடித்த பந்து வானத்துக்குப் போய் என் பக்கம் வந்தது. கால் தானாக ஓடியது. பிடித்தேன். பிடித்த இடத்திலிருந்தே, அடிப்பவனுக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தவனின் கைக்கு நேரே எறிந்தேன்.

அவர்களுடைய கோச் ஓடிவந்து என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். இங்கே எல்லோரும் தோல் கிளவுஸ் போட்டுத்தான் பிடிப்பார்களாம். வெறுங்கையால் பிடித்தவனை அவர் கண்டதில்லை. "யாரிடம் பழகினாய்?" என்று கேட்டார். என் அண்ணன் கல்லூரிக்காக எல்லைக்கோட்டில் நின்று பிடிப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல.

இப்போது கழகத்தில் சேர்த்துவிட்டார்கள். லீ வலி ஹெரன்ஸ் என்று பேர். தூரத்தில் மூன்று பேர் நிற்போம், நான் வலது பக்கம். பந்து இரண்டு பேருக்கு நடுவில் வந்தால் முந்திக் கூவுகிறவன்தான் பிடிக்க வேண்டும், மற்றவன் அந்த இடத்தில் நின்றுவிட வேண்டும். அது இங்கே சட்டம் மாதிரி. முதல் நாள் அவசரத்தில் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. "மைன்" என்று கூவுவதற்குப் பதில் "என்ரை" என்று கத்திவிட்டேன். எல்லோரும் பயந்துபோய் நின்றுவிட்டார்கள். இப்போது முழுக் கழகமும் "என்ரை, என்ரை" என்றுதான் கூவுகிறது. என்னைக் கூப்பிடுவதோ நல்லையா என்று. முன்னால் இருப்பது அப்பாவின் பேர் என்று சொன்னால் விளங்குவதில்லை. ஒரு நாளும் பந்தைத் தொட்டிராத அப்பாவின் பேர் இங்கே புல்வெளியில் கேட்கிறது.

கண்ணாடியை மாற்றினாயா? பழையதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதே. அம்மா சொல்வதைக் கேள். அட்டை அலுவல் என்னவாயிற்று?

அன்புத் தம்பி
பத்மநாதன்


யாழ்ப்பாணம்
28.9.1986

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மேல் பாதியில் நான் அண்ணை, கீழ்ப் பாதியில் எனக்கு ஏச்சு. தபால் கந்தோரில் யாரும் வாசித்தால் இந்தத் தம்பிக்கு மரியாதை தெரியாது என்று நினைப்பார்கள்.

கொய்யாக்காய் எறிந்தால்கூடப் பிடிக்கத் தெரியாத எங்கள் பத்மநாதன் லண்டனில் பந்து பிடிக்கிறான் என்று கேட்டு வீட்டில் சிரிப்பு. அம்மா வாய்க்குள் சேலைத்தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தார். ஊரில் எல்லோருக்கும் பத்மநாதனைத் தெரியும், சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டவன். பத்திரிகையில் படம் வருமளவுக்கு விளையாடாமல் இருந்தால் நல்லது.

அட்டை இன்னும் எடுக்கவில்லை. கந்தோர் பூட்டியபடி கிடக்கிறது. அட்டை இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போக ஏலாது. அதனால் இருக்கிற அட்டையைத்தான் கொண்டு திரிகிறேன். சோதனைச் சாவடி இல்லாத ஒழுங்கைகளாகப் பார்த்துப் போய் வருகிறேன்.

வருகிற மாசியோடு இரண்டு வருடம். நீங்கள் சொன்ன சொல்லை நான் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. கவனமாக இருங்கோ.

அண்ணன்
இராஜேந்திரன்


மனோர் பார்க், லண்டன்
10.5.1987

அன்புள்ள அண்ணைக்கு,

மூன்று கடிதம் போட்டுவிட்டேன். ஏழு மாதமாகப் பதில் இல்லை. கோபம் என்றால் ஏசி நாலு வரி எழுதலாம். பேசாமலிருந்து தண்டிப்பது அம்மாவின் பழக்கம், உனக்கு எப்போது வந்தது?

ஏன் கோபம் என்று தெரியும். மாசி வந்து போய்விட்டது. ஆனால் என் நிலைமையையும் கேள். பங்குனியில் ஹெரன்ஸ் என்னை ஒப்பந்தத்தில் எடுத்துவிட்டார்கள். கிழமைக்குக் கிழமை சம்பளம், விளையாடுவதே வேலை. பெற்றோல் ஷெட்டை விட்டாயிற்று. இந்த நாட்டில் பேஸ்போல் விளையாடிச் சம்பளம் வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணலாம், அதில் ஒருவன் நான். போன ஞாயிறு மைதானத்தின் மூலையிலிருந்து நான் எறிந்த எறியில் ஓடிவந்த ஒருவன் பாதி வழியில் திரும்பி ஓடினான். சனம் எழுந்து நின்று கை தட்டியது. முப்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு வாழ்வு வரும் என்று நான் நினைத்தேனா?

வயதைத் தவறாக எழுதிவிட்டேன், இருபத்தைந்து.

ஒப்பந்தம் இந்தப் பேரில்தான் இருக்கிறது. விசாவும் இந்தப் பேரில்தான். இப்போது எதையாவது கிண்டினால் எல்லாம் போய்விடும். இன்னும் இரண்டு வருடம் பொறு. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி
பத்மநாதன்


யாழ்ப்பாணம்
19.8.1987

அண்ணைக்கு,

கடிதங்கள் எல்லாம் ஒன்றாகத்தான் கையில் கிடைத்தன. கோபம் ஒன்றும் இல்லை. கொஞ்சக் காலம் சுகமில்லாமல் வேறு இடத்தில் இருந்தேன். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டேன். வலது கை இன்னும் முழுசாகச் சரிவரவில்லை, எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்துக்கு விளையாடுவது சந்தோஷம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

ஒரு வேண்டுகோள். இனிமேல் உறையின்மேல் இராஜேந்திரன் என்று எழுத வேண்டாம். அம்மாவின் பேருக்கு எழுதுங்கள். காரணம் கேட்க வேண்டாம்.

நீங்கள் வைத்திருக்கிற பேரை நல்லபடியாக வைத்திருங்கள்.

இப்படிக்கு


மனோர் பார்க், லண்டன்
2.11.1991

அன்புள்ள அண்ணைக்கு,

அம்மாவின் பேருக்கு வருடத்தில் இரண்டு கடிதம் போட்டேன். அம்மா சுகம் என்று ஒரு வரிப் பதில் வரும். அடியில் கையெழுத்தே இருக்காது. ஆனாலும் எழுதுகிறேன். எழுத வேறு ஆள் எனக்கு இல்லை.

எண்பத்தெட்டில் பியற்றிஸை மணமுடித்ததை எழுதினேன். குருநகர்ப் பெண், நேர்ஸ். போன வருடம் மகள் பிறந்தாள், அஞ்சலீனா. எங்கள் வழக்கப்படி தகப்பன் பேரைச் சேர்த்துப் பதிந்தோம், அஞ்சலீனா பத்மநாதன். பதிவுக் கந்தோரில் அந்தப் பேரை எழுதும்போது என் கை நின்றது. பியற்றிஸ், "என்னப்பா, மகளின்ரை பேரும் மறந்து போச்சோ?" என்று பகிடி பண்ணினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. என்னை அவள் பத்து என்று கூப்பிடுகிறாள். அம்மா உன்னைக் கூப்பிடுவது போலவே. ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்க எனக்கு அரை நிமிடம் பிந்துகிறது.

இந்தச் சித்திரையில் பிரிட்டிஷ் கடவுச்சீட்டும் வந்தது. ஆவணியில் விளையாட்டு முடிந்தது. தோளில் ஒரு வருடமாக வலி. வைத்தியர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது இருபத்தொன்பது வயது எலும்பு இல்லையே" என்றார். நான் சிரித்துச் சமாளித்தேன். கோச்சுக்கு என் காலின்மேல்தான் கோபம். இருபத்தொன்பது வயதுக்காரன் வேணுமென்று மெதுவாக ஓடுகிறான், சோம்பேறி ஆகிவிட்டான் என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். எனக்கு முப்பத்தாறு என்று எப்படிச் சொல்வேன். வாயைப் பொத்திக்கொண்டு சோம்பேறியாகவே இருந்தேன்.

கடைசி விளையாட்டில் பந்து எனக்கும் நடுவில் நிற்கிறவனுக்கும் இடையில் வந்தது. அவனுக்கு அது சுகமான பந்து. நான் பழக்கதோஷத்தில் "என்ரை" என்று கூவிவிட்டேன். அவன் நின்றுவிட்டான். என்னால் ஓடி எட்ட முடியவில்லை. பந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் புல்லில் விழுந்தது. அதோடு தோற்றோம். மறு கிழமை ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டார்கள். மாரி தொடங்குவதற்குள் கழகத்தையும் மூடிவிட்டார்கள்.

பழைய பெற்றோல் ஷெட்டில் பகல் ஷிப்ட் தந்திருக்கிறார்கள். உன்னைப் பற்றி இரண்டு வரி எழுது.

தம்பி
பத்மநாதன்


தடுப்பு நிலையம், ஹீத்ரோ பக்கம்
21.9.1993

அண்ணை,

நான் லண்டனில் இருக்கிறேன். பதற வேண்டாம், இந்தக் கடிதமும் தபாலில் வரவில்லை. சனிக்கிழமைகளில் இங்குள்ள தமிழ்ப் பொடியளுக்குச் சோறு கொண்டுவரும் அருட்பிரகாசம் என்பவர் உங்கள் கோயில்காரர். அவர் கையில் தருகிறேன்.

அம்மா பங்குனியில் காலமானார். அந்தத் தந்தி உங்களுக்குக் கிடைத்திருக்கும். அதற்குப் பிறகு அங்கே நான் இருக்க ஒரு காரணமும் இல்லை. காணியை விற்று ஏஜென்ஸிக்காரனிடம் கொடுத்து வந்து இறங்கினேன். பேர் கேட்டார்கள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு என் பேரை என் வாயால் ஒரு அதிகாரிக்குச் சொன்னேன். நல்லையா பத்மநாதன், பிறந்தது அறுபத்திரண்டு. சொல்லும்போது சந்தோஷமாக இருந்தது.

அவன் கம்பியூட்டரில் அடித்தான். எழும்பிப் போய் இன்னொருவனைக் கூட்டிவந்தான். அந்தப் பேரில், அந்தத் திகதியில் பிறந்த ஒருவர் எண்பத்து நாலிலிருந்து இங்கே இருக்கிறார், பிரிட்டிஷ் பிரஜை, பத்திரிகையில் படம் வந்தவர் என்றார்கள். பிறப்புச் சான்றிதழைக் காட்டினேன். யாரும் பிரதி எடுக்கலாம் என்றார்கள். வயதும் விசாவும் பற்றி நீங்கள் எழுதியவற்றை ஊரிலேயே எரித்துவிட்டேன், என் பையில் மிச்சம் இருந்த உங்கள் தபால் கடிதங்களை எடுத்து இங்கிலீஷில் மொழிபெயர்த்தார்கள். எல்லாம் பத்மநாதன் என்ற தம்பி இராஜேந்திரன் என்ற அண்ணனுக்கு எழுதியவை. ஆகவே நான்தான் இராஜேந்திரன், தம்பியின் பேரைத் திருடிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று எழுதினீர்கள். மிகச் சரியாக இருக்கிறது.

அந்தப் பத்மநாதன் யார் என்று கேட்டார்கள். தெரியாது என்று சொன்னேன். கார்த்திகை எட்டாம் திகதி, திங்கட்கிழமை விசாரணை. அன்று நான் யார் என்று நிரூபிக்காவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். நீங்கள் வந்து உண்மையைச் சொன்னால் ஒழிய எனக்கு வேறு வழி இல்லை.

பத்மநாதன்


மனோர் பார்க், லண்டன்
29.9.1993

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தை ஷெட்டின் பின்பக்கம் நின்று வாசித்தேன். நாலு தரம் வாசித்தேன். அம்மாவின் தந்திக்குப் பிறகு இப்படி நான் அழவில்லை.

ஒரு சட்டத்தரணியிடம், சிநேகிதன் ஒருவனுக்கு நடந்தது போலச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். பொய்ப் பேரில் எடுத்த பிரஜாவுரிமை செல்லாது என்றார். வழக்கும் வரலாம், நாட்டை விட்டு அனுப்பவும் கூடும். கலியாணப் பதிவு, பிள்ளையின் பதிவு எல்லாம் கேள்விக்குள் வரும் என்றார். மகளுக்கு மூன்று வயது. நேர்சரியில் அவளை அஞ்சலீனா பத்மநாதன் என்று கூப்பிடுகிறார்கள். பியற்றிஸின் முகத்தைப் பார்த்து நான் எப்படி வாய் திறப்பேன்?

கோபப்படாமல் நான் சொல்வதைக் கேள். அவர்கள் உன்னை இராஜேந்திரன் என்கிறார்கள். ஓம் என்று சொல்லிவிடு. அந்தப் பேர் பட்டியலில் இருந்த பேர், உயிருக்கு ஆபத்து என்று சொன்னால் நம்புவார்கள். அது பலமான வழக்கு. என் பேர் சும்மாதானே கிடக்கிறது. நீ எடுத்துக்கொள். நீ இராஜேந்திரன், நான் பத்மநாதன், கடிதங்களில் எழுதியபடியே இருந்துவிட்டுப் போவோம். எங்களுக்குள்ளே யார் யார் என்று எங்களுக்குத் தெரியும். அது போதாதா?

வந்து பார்க்க ஆசை. வாசலில் பேர் எழுத வேண்டுமாம், அதனால் வரவில்லை.

அண்ணன்


தடுப்பு நிலையம்
12.10.1993

அண்ணை,

உங்கள் பேர் சும்மா கிடக்கவில்லை. அதை நான் ஒரு முறை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

எண்பத்தாறு மார்கழியில் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். என் சட்டைப் பையில் உங்கள் அடையாள அட்டை. வீட்டு மேசையில் இராஜேந்திரன் என்று உறையில் எழுதிய உங்கள் கடிதங்கள். பட்டியலைப் பார்த்தார்கள், பேர் இருந்தது. ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த ஆடி வரை தெற்கில் ஒரு முகாமில் இருந்தேன், ஏழு மாதம். ஒவ்வொரு நாளும் காலையில் இராஜேந்திரன் என்று கூப்பிடுவார்கள், நான் எழும்பிப் போக வேண்டும். வலது கையை அங்கேதான் முறித்தார்கள். நீங்கள் சனம் கை தட்டியது என்று எழுதிய கடிதம் அப்போது வீட்டில் உடைக்காமல் கிடந்தது.

இதை எழுதக் கூடாது என்றுதான் இத்தனை வருடம் இருந்தேன். சும்மா கிடக்கிற பேர் என்று நீங்கள் எழுதியதால் எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். என் சட்டத்தரணிக்கு மொழிபெயர்க்க வருகிறவர் ரங்கராஜன், இந்தியாக்காரர். இமிகிரேஷன்காரர் செய்த மொழிபெயர்ப்பை உங்கள் தமிழ்க் கடிதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி அண்ணனுக்கு எழுதின லெட்டருன்னு போட்டிருக்கு. ஆனா தம்பி 'கண்ணாடியை மாத்தினாயா, அம்மா சொல்றதைக் கேள்'னு எழுதறான். அண்ணன் எழுதின பதில் உங்ககிட்ட இருந்தா அதுல 'நீங்க'ன்னு இருந்திருக்கும், இல்லையா?" என்று என்னைக் கேட்டார். "இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே யூ தான் சார். அதுல எல்லாம் மறைஞ்சு போச்சு" என்றார். சட்டத்தரணிக்கு எடுத்துச் சொன்னார். சட்டத்தரணி அம்மா கவனமாகக் கேட்டார். ஆனால் தமிழ் தெரியாத நீதிபதிக்கு முன்னால் ஒரு 'நீ'யை வைத்து வழக்காட முடியாது, உண்மைப் பேரில் எழுதிய ஒரு துண்டாவது வேண்டும் என்றார்.

அது என்னிடம் இருக்கிறது. இத்துடன் வைத்திருக்கிறேன். செல்வமலர் ரீச்சர் கொண்டுவந்து தந்த கடிதம். எரித்துவிடு என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்த நான் அதை மட்டும் செய்யவில்லை. உங்கள் கையெழுத்து இருந்த கடைசிக் காகிதம், மனம் வரவில்லை. அப்பாவின் படச்சட்டத்துக்குள் வைத்தேன். முகாமில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னை விட்டிருப்பார்கள், உங்களைத் தேடி லண்டனுக்கு எழுதியிருப்பார்கள். சொல்லவில்லை. வரும்போது கண்ணாடிக் கூட்டின் துணிக்கு அடியில் வைத்துத் தைத்துக் கொண்டுவந்தேன். சட்டத்தரணியிடமும் காட்டவில்லை.

பந்து இரண்டு பேருக்கு நடுவில் வந்தால் முந்திக் கூவுகிறவனுக்கு மற்றவன் விட்டுவிட வேண்டும் என்று எழுதினீர்கள். நான் ஒன்பது வருடம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். இனி என்னால் நிற்க ஏலாது. ஆனால் உங்களைக் காட்டிக்கொடுத்து ஓடவும் என்னால் ஏலாது.

கடிதம் உங்களுடையது. எரிப்பதென்றால் நீங்களே எரியுங்கள்.

பத்மநாதன்


மனோர் பார்க், லண்டன்
3.11.1993

என் தம்பி பத்மநாதனுக்கு,

மூன்று கிழமை ஏன் பதில் இல்லை என்று நீ நினைத்திருப்பாய். ஒரு கிழமை ஒன்றும் செய்யாமல் இருந்தேன். பொய் சொல்ல விரும்பவில்லை, ஒரு நாள் தீப்பெட்டியையும் எடுத்தேன். காகிதத்தை விரித்தபோது அதில் உன் கண்ணாடிக் கூட்டின் நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தீப்பெட்டியை வைத்துவிட்டேன்.

பிறகு பியற்றிஸிடம் சொன்னேன். மகள் நேர்சரிக்குப் போயிருந்த நேரம். அவள் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள். "அப்ப நான் ஆரைக் கட்டினனான்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. ஆறாம் நாள் உன் கடிதத்தைக் கேட்டு வாங்கி வாசித்தாள். முகாம் பற்றிய பகுதியில் நிறுத்தி, "இதுக்குப் பிறகும் யோசிக்கிறியளோ?" என்றாள். என்னை எந்தப் பேராலும் கூப்பிடவில்லை. இன்னும் கூப்பிடவில்லை. ஆனால் நேற்று உன் சட்டத்தரணியின் கந்தோருக்குப் போகும்போது என்னோடு பஸ்ஸில் வந்தாள்.

உன் ரங்கராஜன் இருந்தார். நான் உள்ளே வந்து உட்கார்ந்ததும் என் முகத்தைப் பார்த்தார், பிறகு மேசையில் இருந்த உன் படத்தைப் பார்த்தார். "நீங்கதான் 'நீ'ன்னு எழுதினவரா?" என்று கேட்டார். ஓம் என்றேன். எரிக்காத கடிதத்தை மேசையில் வைத்தேன். அவர் அதைச் சத்தமாக ஒரு வரி தமிழிலும் ஒரு வரி இங்கிலீஷிலுமாக வாசித்தார். நான் வேண்டாம் என்று ஒரு தரம் சொன்னேன், இரண்டாம் தரம் சொல்லவில்லை என்ற இடத்தை அவர் திரும்ப ஒரு தரம் வாசித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது தம்பி. ஒன்பது வருடத்துக்கு முதல் எவ்வளவு இலேசாக அதை எழுதிவிட்டு நான் விளையாடப் போயிருக்கிறேன்.

சட்டத்தரணி என்னை எச்சரித்தார். இதில் கையெழுத்து வைத்தால் பிறகு திரும்பிப் போக வழியில்லை, எனக்கு வேறு சட்டத்தரணி பிடித்துக்கொள்வது நல்லது என்றார். சரி என்றேன். பத்மநாதன் என்ற பேர் யாருடையது என்று கேட்டார். என் தம்பியின்ரை என்றேன். அந்தப் பேரில் கடவுச்சீட்டு வாங்கியது, ஒப்பந்தம் எழுதியது, சத்தியம் செய்தது எல்லாம் யாருடைய குற்றம் என்று கேட்டார். அப்போது எனக்கு இங்கிலீஷ் வரவில்லை.

"என்ரை" என்றேன்.

ரங்கராஜனுக்கு அந்தச் சொல் முதலில் பிடிபடவில்லை. அவர்கள் ஊரில் அப்படிச் சொல்வதில்லையாம். பியற்றிஸ்தான் பின்னாலிருந்து இங்கிலீஷில் சொன்னாள்.

வாக்குமூலத்தை அடித்துக் கொண்டுவந்து பேனாவைத் தந்தார்கள். கை தானாக உன் பேரை எழுதத் தொடங்கியது. இரண்டெழுத்து எழுதிய பிறகுதான் கண்டேன். வெட்டிவிட்டு வேறு தாள் கேட்டேன். தாள் வந்தது, ஆனால் என் கையெழுத்து எனக்கு மறந்துபோயிருந்தது. எங்கே தொடங்குவேன், எங்கே வளைப்பேன், ஒன்றும் ஞாபகம் இல்லை. எத்தனையோ பேருடைய தொப்பியிலும் பந்திலும் உன் பேரை எழுதிக் கொடுத்த கை. கடைசியில் நீ எரிக்காத கடிதத்தை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். நீ அதை எரித்திருந்தால் எனக்கு என் பேரை எழுதத் தெரிந்திருக்காது.

திங்கட்கிழமை விசாரணைக்கு நான் வருகிறேன். வாசலில் இந்தப் பேரைத்தான் எழுதுவேன். எனக்கு என்ன நடக்கும் என்று தெரியாது, பயமாகத்தான் இருக்கிறது. அதை நினைத்து நீ கவலைப்படாதே. அவர்கள் உன் பேரைக் கேட்டால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. உரத்துச் சொல்லு.

உன் அண்ணன்
நல்லையா இராஜேந்திரன்